மூச்சுக்கு விட்ட இடம்

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாண வரவேற்பு, தருமபுரியிலேயே மண்டபம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கல், முழங்கால் வலி, காது மட்டும் சுத்தம். மரியாதைக்கு என்று மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பாட ஒரு பெண், ஒரு ஆண், கீபோர்டுக்கு ஒருவர். ஆர்க்கெஸ்ட்ரா அவ்வளவுதான். ஆனால் பாட்டுக்குப் பின்னால் ரிதம் கிட்டார் ஜோராகக் கேட்கிறது. எழுந்துபோய் மேடையின் திரையை விலக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கீபோர்டுக்காரரைப் பிடித்தேன்.

"கிட்டாரு யாருங்க வாசிக்கறது?"

"யாரும் இல்லைங்க பாய். பட்டன்தான். இதுலயே பத்துப் பன்னெண்டு தினுசு இருக்குதுங்க. எது வேணுமோ அமுக்கிக்கலாம்."

"அந்தப் பொண்ணு மூச்சு வாங்குற எடத்துலகூட அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே போவுதே?"

அவர் சிரித்தார். "நீங்க அந்தக் காலத்துல நாடகத்துல கிட்டாரு வாசிச்சவராமே. அப்ப எப்பிடிங்க ரிதம் போடுவீங்க? எழுதிக் குடுங்க, தெரிஞ்சிக்கறோம்" என்றார். பேச்சுக்குச் சொல்லியிருப்பார். நான் மெனக்கெட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் பங்காரம்மாவைப் பற்றி எழுத வேண்டி வரும் என்று தெரியும். அதற்காகவேதான் உட்கார்ந்தேனோ என்னவோ.

முதலில் கிட்டார் என் கைக்கு வந்த கதை. என் தகப்பனாருக்கு தருமபுரியில் தகரப் பெட்டிக் கடை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. யுத்தத்தில் அந்தத் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, வயிறு பிளந்த கிட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். தகப்பனாருக்கு எல்லாமே பெட்டிதான். பிளவின் மேல் தகரத்தை வைத்துச் சின்ன ஆணியால் அடித்து, ஓரத்தில் அரக்கு ஊற்றிக் கொடுத்தார். கார்டு அதை ஒருமுறை தட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நீயே வெச்சிக்க மேன்" என்று என்னிடம் நீட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மொரப்பூருக்குப் போய் அவரிடம் கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் மூன்று பிடிகள் கற்றுக்கொண்டேன். நாலாவது பிடி சொல்லிக்கொடுப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. என் சங்கீதப் படிப்பு முழுவதும் இவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அதற்குக் கிட்டார் என்று பேர் சொன்னவர்கள் குறைவு. சிலர் இடுப்புப் பிடில் என்றார்கள். இவன் தகரப் பெட்டிக்குக் கம்பி கட்டிக்கொண்டு திரிகிறான் என்று என் மாமா பெண்வீட்டாரிடமே சொல்லி, வந்த சம்பந்தம் ஒன்றைக் கெடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு நாடகக் கம்பெனி தருமபுரியில் வந்து கொட்டகை போட்டது. கொட்டகைக்கு வெளியே டிக்கெட் கூட்டத்தை நிறுத்திவைக்க என்னை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். உள்ளே இருந்து ஒருவர் வந்து, என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சத்தம் நெறயப் போடற. ஆனா கை நிக்காம ஆடுது. நாளைக்குக் காலையில வா" என்றார். அவர்தான் முனுசாமி மாஸ்டர், காவேரிப்பட்டணத்துக்காரர். நாடகக் கம்பெனியில் ஆர்மோனியத்தைப் பெட்டி என்போம். பெட்டி வாசிப்பவர்தான் பாட்டுக்கெல்லாம் தலைவர். முதலாளிகூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பாட்டைக் கூட்டுவார், குறைப்பார்.

மாஸ்டர் திட்டி நான் பார்த்ததில்லை. பிடிக்கவில்லை என்றால் வாசிப்பதை நிறுத்துவார், தோள் துண்டால் கட்டைகளைத் துடைப்பார், பெட்டியின் மூடியை மெல்லச் சாத்துவார். அந்த மூடி சாத்தும் சத்தத்துக்குப் பயந்து மிருதங்கக்காரர் ஒருவர் வேலையையே விட்டுப் போனார். ஒத்திகையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வருமாம், காதுக்கு இரக்கம் கிடையாதாம்.

அவர் எனக்கு வைத்த முதல் வேலை, சத்தமே இல்லாமல் வாசிப்பது. வலது கை மேலும் கீழும் தாளத்துக்கு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியில் மட்டும் படக்கூடாது. பாட்டு முழுக்க இப்படிக் காற்றில் வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் ஈ ஓட்டுகிறான் என்று சிரிப்பார்கள். இரண்டு நாள் போன பிறகு மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே, "மூணாவது எண்ணிக்கையில ஒண்ணு வையி" என்பார். அந்த ஒரு இடத்தில் கை கம்பியைத் தொடும். மறுநாள் இன்னொன்று. இப்படி ஒவ்வொன்றாக வைத்து, சில சமயம் வைத்ததை எடுத்து, ஒரு பாட்டுக்கான தட்டு உருவாக ஒரு வாரம் ஆகும். எங்கள் கம்பெனியில் கிட்டார் வாசிப்பைத் தட்டு என்றுதான் சொன்னோம்.

புதுப் பாட்டு வந்தால் முதல் நாள் கிட்டாரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்கிறார், மிருதங்கம் எங்கே நிறைக்கிறது, இதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும். மிருதங்கம் இருக்கும் இடத்துக்கு நான் போகக் கூடாது. பாடுபவர் குரலைச் சுழற்றும்போது கிட்டவே போகக் கூடாது. மிச்சமிருக்கும் சந்துதான் எனக்கு. கார்டு சொல்லிக்கொடுத்த பிடிகளை அப்படியே அமுக்கினால் மாஸ்டர் தலையைச் சொறிவார். "மூணு சொரத்தச் சேத்து அமுக்கிட்டா ராகம் எங்கடா ஒக்காரும்?" என்பார். ஆகவே பெரும்பாலும் ஸாவும் பாவும் மட்டும். மூன்றாவது சுரம் வரி முடிகிற இடத்தில் ஒரே ஒருமுறை. இடது கையைக் கம்பியிலிருந்து லேசாகத் தளர்த்தித் தட்டினால் சுரம் வராது, 'டக்' என்று கட்டைச் சத்தம் வரும். தகர ஒட்டு போட்ட என் கிட்டாரில் அது நன்றாகக் கிளம்பும். கார்டு முகம் சுளித்த அதே சத்தம்தான்.

மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் உச்சத்தில்தான் பாட வேண்டும். பெண்கள் ஐந்து கட்டை சுருதிக்குக் குறைந்து பாடினால் சனம் பேச ஆரம்பித்துவிடும். கிட்டாரோ மூன்று கட்டையில் கிடக்கும். பென்சில் ஒன்றைக் கழுத்தின் குறுக்கே மூன்றாவது கட்டத்தில் வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவேன். ஐந்து கட்டை வந்துவிடும். யுத்தத்தில் டியூப் கிடைக்காமல் பழைய செருப்பு வாரைக் கட்டியதும் உண்டு. கம்பிக்கு பெங்களூர்தான் போக வேண்டும். அதுவும் நின்றுபோய், மேல் கம்பி அறுந்த கிட்டாரோடு ஒரு வருஷத்துக்கு மேல் வாசித்தேன். அந்தக் கம்பி இல்லாததால் நடுக் கம்பிகளிலேயே வேலை தேட வேண்டியதாயிற்று. என் நல்ல தட்டுகளெல்லாம் அந்த வருஷத்தில் வந்தவை.

இனி பங்காரம்மா. எழுத்தில் 'அவர்' என்று போடுவதுதான் மரியாதை. இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன், கை வரவில்லை. மேடைக்கு வெளியே நான் அவளை 'வாங்க, போங்க' என்பதைத் தவிர வேறு விதமாகப் பேசியதில்லை.

ராயக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மேடையில் ஏறினால் தமிழ் சுத்தமாக வரும், இறங்கினால் பாதிக்குப் பாதி. எங்கள் கம்பெனியின் நாடக வாத்தியார் ஒரு நாடகம் எழுதியிருந்தார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன் வெள்ளத்தில் போய்விடுகிறான், அவன் மனைவி கரையிலேயே காத்திருக்கிறாள். அந்த மனைவி வேஷம் பங்காரம்மாவுக்கு. 'அக்கரை போன பரிசலிலே ஆள்வரக் காணேனே' என்று ஒரு பாட்டு. ஒவ்வொரு வரியும் 'னே' என்று முடியும். அந்த 'னே'யை ஒரு தாள வட்டம் முழுக்க, எட்டு எண்ணிக்கைக்கு, உச்சத்திலேயே நிறுத்துவாள். பெண்கள் வரிசையில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் நாடகம் ஓடியது.

அப்போது அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் படுத்திருந்து எழுந்தாள். உடம்பு தேறியது, மூச்சு தேறவில்லை. 'னே' நாலாவது எண்ணிக்கையிலேயே நடுங்கி விழுந்தது. முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு, பென்னாகரம் முகாமுக்குள் பாட்டு பழையபடி நிலைத்தால் சரி, இல்லையென்றால் சேலத்திலிருந்து வேறு ஆள் கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலை போனால் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ஒத்திகையில் மாஸ்டர் சுவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பங்காரு, 'னே'ய ரெண்டு எண்ணிக்கையில விட்டுடு. மிச்சம் ஆறுல நீ மூச்சு வாங்கிக்க."

"காலியா இருந்தா சனம் கண்டுபிடிச்சிடாதுங்களா?"

"காலியா எங்க இருக்கும்? காதரு இருக்கறானே" என்றார்.

காதர் நான்தான். அதுவரை எனக்கென்று ஒரு பாட்டில் ஒரு எண்ணிக்கைகூட தனியாகக் கிடைத்ததில்லை.

அவளுடைய மூச்சை நான் படித்தேன், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மூன்று நாள் எதிரில் உட்கார்ந்து, அவள் பாடப் பாட, எப்போது தோள் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு அவசர மூச்சு. அது போதாது. கொஞ்சம் பொறுத்து ஆழமாக ஒன்று. பிறகுதான் அடுத்த வரிக்குத் தயார். ஆறு எண்ணிக்கை அதற்குச் சரியாக இருந்தது. என்ன வாசித்தாலும் அந்த ஆழமான மூச்சின்மேல் சத்தம் போடக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. நான் என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஓடியது. ஓடினால் அவளும் ஓட வேண்டும்.

பென்னாகரம் போய்ச் சேர்ந்து, ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் மாஸ்டரும் நானும் மாட்டுவண்டியில் ஒகேனக்கல்லுக்குப் போனோம், குளிக்கத்தான். பரிசலில் உட்கார்ந்திருக்கும்போது கவனித்தேன். துடுப்பு ஒரு இழுப்பு இழுக்கிறது. பிறகு பரிசல் தானாகப் போகிறது. துடுப்பைத் தூக்கும்போது சொட்டுச் சொட்டென்று இரண்டு துளி. பிறகு மறுபடி இழுப்பு. மாஸ்டர் மீன் வறுவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார், நான் வலது கையைத் தொடையில் ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சா?" என்றார். "வந்துடுச்சுங்க" என்றேன்.

ஸா, பா இரண்டையும் சேர்த்து ஒரு கனமான இழுப்பு. அது தேயும்வரை சும்மா. அந்தச் சும்மாவில்தான் அவளுடைய ஆழமான மூச்சு. பிறகு 'டக் டக்' என்று இரண்டு கட்டைத் தட்டு. கடைசியில் கீழிருந்து மேலே மெல்ல ஒரு வருடல், அதைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த வரிக்கு ஏறிவிடுவாள். முதல் ஒத்திகையில் நாலு வரியையும் தடுக்காமல் பாடி முடித்துவிட்டு, அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"பாயி, என் மூச்ச எப்பிடிங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?"

எண்ணினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மாஸ்டர் சொன்னாருங்க" என்றேன். மாஸ்டர் துண்டை எடுத்து அழுக்கே இல்லாத கட்டையைத் துடைத்தார்.

பென்னாகரத்தில் பாட்டு நிலைத்தது. முதலாளி சேலம் பேச்சை விட்டார். பத்து நாள் முகாம், பத்து ஆட்டம். அந்தப் பத்து நாளைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலு வரியிலும் வரும் அந்த ஆறு எண்ணிக்கை எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தது. அவள் மூச்சு வாங்குவாள், நான் காவல் காப்பேன். கொட்டகையில் அத்தனை பேர் இருந்தும் வேறு யாருக்கும் அது தெரியாது.

அதோடு நின்றிருக்கலாம், நான் நிற்கவில்லை.

ஏழாவது ஆட்டமோ எட்டாவதோ, கடைசி வரியில் அந்த 'டக் டக்'கை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். மூன்று வரி கேட்டுப் பழகிய சனம், அது வராத இடத்தில் தானாகவே இரண்டு கை தட்டியது, கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் விட்டேன், மறுநாளும் தட்டினார்கள். வெளியே வந்தால் ஆட்கள் என்னைக் கை காட்டிப் பேசினார்கள். சொந்த ஊரில் இடுப்புப் பிடில்காரனாக இருந்தவன், இங்கே கிட்டார்க்கார பாய் ஆனேன்.

மாஸ்டர் அன்று பெட்டியின் மூடியைச் சாத்தினார். எனக்காகச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"காதரு, கடசி வரியில அந்த ரெண்டு தட்ட வையி. விடாத."

"சனத்துக்குப் புடிச்சிருக்குதுங்க மாஸ்டர்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார். எனக்கு அது பொறாமையாகப் பட்டது. எவ்வளவு பெரிய மடையன் நான்!

அடுத்த முகாம் பாலக்கோடு. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் கொளுத்த வழியில்லாமல், சந்தை நாளில் பகல் மூன்று மணிக்கே ஆட்டம் வைத்தார்கள். சந்தைக்கு வந்த சனம் அப்படியே கொட்டகைக்குள் வந்துவிட்டது. கீற்று இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்து, உள்ளே அடுப்புச் சூடு. பங்காரம்மா கிழிசல் சேலை வேஷத்தில் கரையில் நிற்கிறாள். பாட்டு வந்தது. கடைசி வரியில் நான் விட்டேன். சனம் தட்டியது.

"ஒன்ஸ் மோர்!"

அந்தக் காலத்து நாடக வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சனம் ஒன்ஸ் மோர் கேட்டால் பாட்டை முதலிலிருந்து முழுதாக மறுபடி பாட வேண்டும். செத்துக் கிடக்கும் ராஜா எழுந்து பாடிவிட்டு மறுபடி செத்துப்போவார். மாட்டேன் என்றால் பெஞ்சு உடையும். பங்காரம்மா கும்பிட்டாள். இந்தப் பாட்டுக்குத் தொடக்கம் என் கிட்டார்தான், அந்தத் துடுப்பு இழுப்பு. தொடங்கினேன். அவள் பாடினாள். கடைசி வரியில் மறுபடி விட்டேன். இந்தத் தடவை கையோடு காலையும் தட்டினார்கள்.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

இரண்டாவது ஒன்ஸ் மோருக்கும் பாடினாள். மூன்றாவது வரிக்கு நான் விட்ட ஆறு எண்ணிக்கை அவளுக்குப் போதவில்லை. தோள் ஏறியது ஏறியபடியே நின்றது. எனக்குத் தெரிந்தது, என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? கடைசி வரியில் 'டக் டக்'கை வைத்திருந்தால் சனம் அடங்கியிருக்கும். வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்காகக் காத்திருக்கிறார்கள். விட்டேன்.

மறுபடியும் கேட்டார்கள். அவள் பரிசல்துறை என்று நட்டிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் பெட்டியின் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். முன் வரிசையில் யாரோ எழுந்து நின்று கத்தினார்கள். பங்காரம்மா மெதுவாகத் திரும்பினாள். மாஸ்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வாசி என்று தலையை அசைத்தாள்.

தொடங்கினேன்.

மூன்று வரி வந்தது. கடைசி வரியில் 'னே' என்று மேலே போன குரல் அங்கேயே அறுந்தது. வாய் திறந்திருக்கிறது, காற்றுதான் வருகிறது. நடிப்பு என்று நினைத்துச் சனம் கை தட்டியது. நான் விட்ட இடத்தில் இரண்டு தட்டு, சரியான எண்ணிக்கையில். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. காது சுத்தமாக இருப்பதில் இப்படியொரு கஷ்டமும் உண்டு.

அதன்பிறகு அவளுக்கு ஐந்து கட்டை வரவில்லை. வெந்நீர், அதிமதுரம், மௌனம் எல்லாம் பார்த்தாயிற்று. நாலு கட்டைக்கு இறக்கினோம். அதிலும் உச்சம் பிசிறியது. இரண்டு வாரம் பொறுத்தார் முதலாளி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் சேலத்திலிருந்து வேறு பெண் வந்தாள். அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தது. எட்டு எண்ணிக்கையும் நிறுத்திப் பாடினாள். அந்தப் பாட்டில் எனக்கு வேலையில்லாமல் போயிற்று.

பங்காரம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் டிரங்குப் பெட்டியை நான்தான் பாலக்கோடு பஸ்ஸுக்குத் தூக்கிப் போனேன். பெட்ரோல் இல்லாத காலம், கரி பஸ். பின்னால் அடுப்பில் கரியைப் போட்டு, சக்கரத்தைச் சுற்றி ஊதி, புகை பிடித்துக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் ஓரத்தில் அவள், கீழே நான். இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் குரலைக் கெடுத்தது நான்தான் என்பது ஒன்று. மற்றதை இந்த வயதில் எழுதினால் பேரன் பேத்திகள் சிரிப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் "வெயிலு சாஸ்திங்க" என்று மட்டும் சொன்னேன். "அவுனுங்க" என்று பாதித் தெலுங்கில் ஆமாம் போட்டாள். பஸ் போய்விட்டது. கண்ணுக்கு மறைந்த பிறகும் புகை வாசனை வெகுநேரம் இருந்தது.

மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒத்திகையில் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். யுத்தம் முடிகிற சமயத்தில் கம்பெனியும் கலைந்தது. நான் வேறு கம்பெனிகளில் வாசித்தேன், கல்யாண பாண்டுகளில் வாசித்தேன். எத்தனையோ பாட்டுக்குத் தட்டு கண்டுபிடித்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம் வந்தால் மட்டும் என் கை தானாக நின்றுவிடும். இது ஒரு பாணி என்று சிலர் பாராட்டினார்கள். நான் திருத்தவில்லை.

சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம், மனசு கேட்காமல், ராயக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கிட்டாரை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டேன். அதைக் கண்டால் அவளுக்குப் புண்ணைக் கிளறியது போல இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்துக்கொண்டு போனேன். ராகி வயலுக்கு நடுவில் ஓட்டு வீடு. புருஷன் நிலத்துக்குப் போயிருந்தார், நல்ல மனுஷர் என்று வழியிலேயே சொன்னார்கள். கைக்குழந்தை ஒன்று தூளியில் தூங்கியது. அவள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தோடு எழுந்தாள்.

"பாயி! வாங்க, வாங்க. வூட்டுக்குள்ள வாங்க."

குரல் கட்டிப்போய், அடியில் கரகரவென்றிருந்தது. மோர் கொடுத்தாள். குடித்தேன். மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பிறகு, இதற்குமேல் தள்ளிப்போட்டால் இந்தத் தடவையும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் திரும்புவேன் என்று பயந்து, சொல்லிவிட்டேன்.

"பாலக்கோட்டுல ஒன்ஸ் மோர் கேட்டாங்களே, அது உங்க பாட்டுக்கு இல்லைங்க. நான் விட்ட எடத்துல கை தட்டறதுக்காகக் கேட்டாங்க. மாஸ்டர் விடாதன்னு சொல்லியும் நான்தான் விட்டேன். உங்களுக்கு மூச்சு இல்லன்னு தெரிஞ்சேதான் விட்டேன். உங்க கொரலு போனது என்னாலதாங்க."

அவள் தூளியை லேசாக ஆட்டிவிட்டாள். "தெரியுங்க" என்றாள்.

"என்னைக்குத் தெரியும்?"

"அன்னைக்கே. மேடையில நிக்கறவளுக்குத் தெரியாதுங்களா, சனம் எதுக்குக் கை தட்டுதுன்னு?"

மோர்ச் செம்பை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன். "அப்பறம் ஏங்க மூணாவது தடவ தலைய ஆட்டுனீங்க? மாஸ்டர் வேணாம்னாரு. நானும் கைய எடுத்துட்டேன். நீங்க சும்மா நின்னிருந்தா போதுமே?"

அவள் குனிந்துகொண்டாள். முறத்தில் இருந்த கேழ்வரகை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் உங்க தட்ட இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துதுங்க" என்றாள்.

பிறகு நிமிர்ந்து, என் முதுகுக்குப் பின்னால், நான் வந்த வாசல் பக்கம் பார்த்தாள்.

"கொண்டாந்திருக்கீங்களா?"

நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.